அந்தப் புடவை என்ன நிறம்

படப்பிடிப்பு காரைக்காலில்தான் என்று முடிவானதும் இயக்குநர் முகிலன் முதலில் தீபாவைக் கூப்பிட்டுத்தான் சொன்னார். "தீபாக்கா, உங்க ஊருக்கே வர்றோம். மீன் குழம்புக்குப் பஞ்சமில்லை" என்றார். தீபாவும் சிரித்து வைத்தாள். பொங்கலுக்குக் கிளிஞ்சல்மேட்டில் அம்மா வீட்டுக்கு வந்து போவது ஒன்று. இரண்டு வேன் நிறைய துணிப் பெட்டிகளோடும் தையல்காரர்களோடும் வந்து இறங்குவது வேறு. ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் ஊர் என்ன, உறவு என்ன.

தீபா படங்களுக்கு உடை வடிவமைப்பவள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சாலிகிராமத்தில் அவள் வீட்டில் கட்டில் போட இடமில்லாமல் துணி கிடக்கும். பஃப் கை ரவிக்கைகள், கழுத்தை ஒட்டிய படகுக் கழுத்து ரவிக்கைகள், டெரிலின் சட்டைகள், கால் பக்கம் ஒட்டிப் பிடிக்கும் பேண்டுகள், ஓரம் கூரான மூக்குக்கண்ணாடிகள். எல்லாம் ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்தியவை. மூர் மார்க்கெட்டிலும் வீடு காலி செய்பவர்களிடமும் தேடித் தேடி வாங்கியவை. அவள் மட்டும் ஜீன்ஸும் தொளதொளச் சட்டையும்தான் போடுவாள். "எனக்கு அது பொருந்தாது. அந்த முகமே வேற" என்பாள். பழைய காலத்தில் நடக்கிற கதை என்றால் கோடம்பாக்கத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பழைய படக்காரி என்று அவளுக்கு ஒரு பெயரே இருந்தது.

இதெல்லாம் ஒரு பாட்டிலிருந்து தொடங்கியது. அவள் மூன்றாவதோ நாலாவதோ படிக்கும்போது, பக்கத்து வீட்டு டிவியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டார்கள். கதை அவளுக்கு மறந்துபோய்விட்டது. அதில் ஒரு பாட்டு. பூந்தோட்டத்தில் கதாநாயகியைச் சுற்றித் தோழிகள் ஆடுகிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி புடவை, ஒரே மாதிரி ரவிக்கை. புடவை வெளுப்பாக, நிலா வெளிச்சத்தில் நெய்த மாதிரி இருந்தது. ரவிக்கை கறுப்பாக, கை இரண்டும் பலூன் மாதிரி உப்பி இருந்தது. கதாநாயகி என்ன உடுத்தியிருந்தாள் என்பதைக்கூட அவள் பார்க்கவில்லை. அந்தத் தோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவின் வெள்ளைப் பாவாடையைச் சுற்றிக்கொண்டு ஆடி, இடறி விழுந்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள்.

பெரியவளாகி, வேலையில் சேர்ந்த பிறகு அந்தப் பாட்டை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான். அந்தப் புடவை என்ன நிறம்? அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில் அசல் வெள்ளையை உடுத்தமாட்டார்கள், விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் குத்தும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியானால் வெளிர் நீலமா, ரோஜாவா? யோசித்து யோசித்துக் கடைசியில் லாவண்டர் என்று முடிவு பண்ணிக்கொண்டாள். ரவிக்கை கத்தரிப்பூ நிறம். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் நாளாக ஆக, யாரோ சொன்ன மாதிரியே ஆகிவிட்டது.

முகிலனின் படம் அப்படி ஆடிய ஒரு பெண்ணின் கதை. அறுபத்து நாலாம் வருஷம், சினிமாவில் கூட்டத்தோடு ஆடும் ஒரு பெண். அவள் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதுதான் படம். அதில் ஒரு பாட்டைப் படமாக்குகிற காட்சி வருகிறது. அதற்காக நெடுங்காடு போகிற வழியில், மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலைக்குள் பூந்தோட்ட செட் போட்டிருந்தார்கள். தீபா தன் மனத்தில் இருந்த அந்தப் புடவையை அப்படியே கொண்டுவந்தாள். வெள்ளை வாயில் துணி வாங்கி, லாவண்டர் சாயம் போட்டு, ஆடுகிற பெண்கள் எல்லோருக்கும் தயார் பண்ணிவிட்டாள். கதாநாயகி பாரதிப்ரியாவை அந்தப் புடவையில் நிற்க வைத்துப் போஸ்டரும் வெளியிட்டாயிற்று. போஸ்டரைப் பார்த்தவர்கள் எல்லோரும் புடவையைத்தான் பாராட்டினார்கள்.

படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்னதாகவே தீபா வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் மடிக்கணினியில் அந்தப் பழைய பாட்டை ஓடவிட்டு, ரவிக்கைக் கையின் சுருக்கத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இது நெரவி சினிமாக்காரம்மா ஆடுன பாட்டுல்ல?" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமலேயே.

"யாரு?"

"நெரவியில நான் மீன் கொடுப்பேனே, பவுனம்மான்னு. கெளுத்தி வாங்கறப்பல்லாம் இந்தப் பாட்டத்தான் முணுமுணுக்கும். இதுல நான் ஆடியிருக்கேன்டின்னு சொல்லும்."

தீபா மடிக்கணினியை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். "சினிமாக்காரம்மான்னு நீ சொல்லுவியே, அது இவங்களா? அவங்க சினிமாக் கொட்டாய் வச்சிருந்தவங்கன்னுல்ல நான் இவ்வளவு நாளா நெனச்சிட்டிருந்தேன்."

"நீ கேட்டியா? மீன் கூடையப் பாத்தாலே மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவே. இப்பக் கேக்குற."

அந்தப் படத்தின் எழுத்துப் போடுகிற இடத்தில் தோழிகள் யாருடைய பெயரும் கிடையாது. தீபா வருஷக்கணக்காகத் தேடி, சென்னையில் பழைய ஆட்களை எல்லாம் விசாரித்து ஓய்ந்துபோன விஷயம். அம்மா கூடையைச் சுமந்துகொண்டு போன வீட்டில் அது இருந்திருக்கிறது.

மறுநாள் காலை தீபா நெரவிக்குப் போனாள். அம்மா கொஞ்சம் இறாலும் கொடுத்து அனுப்பினாள். பவுனம்மாள் தன் மகன் குடும்பத்தோடு இருந்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தாலும் உடம்பு இன்னும் நிமிர்ந்துதான் இருந்தது. நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமலேயே தீபாவை உட்காரச் சொன்னார். விளம்பரம் வந்ததும்தான் திரும்பினார்.

"சரஸ்வதி மகளா நீ? சினிமாவுல தைக்கிறதா சொன்னாளே."

"ஆமாம்மா. உங்களப் பத்தி நேத்துதான் தெரியும்."

"என்னைப் பத்தித் தெரிய என்ன இருக்கு. கூட்டத்துல ஆடுனேன். மூணு வருஷம் ஆடியிருப்பேன். எங்கப்பா ஸ்டூடியோவில தச்சு வேலை. அப்புறம் இந்த ஊர் மாப்பிள்ளை வந்தாரு. மேரியில குமாஸ்தா. வெள்ளைக்காரன் போயும் முனிசிபாலிட்டி ஆபீஸ மேரின்னுதான் சொல்லுவாங்க. அவருக்குச் சினிமா பிடிக்காது. அதோட சரி."

தீபா பாட்டின் பெயரைச் சொன்னாள். பவுனம்மாள் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. "அதுல ஹீரோ கார் ஓட்டிக்கிட்டு வருவாரு. நாங்க காரச் சுத்தி ஆடுவோம்" என்றார்.

அந்தப் பாட்டில் காரே கிடையாது. சைக்கிள்தான். இவர் வேறு ஏதோ பாட்டைச் சொல்கிறாரோ என்று தோன்றியது. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டாள். "அம்மா, அந்தப் புடவை என்ன நிறம்?"

"மஞ்சள்" என்றார் பவுனம்மாள், யோசிக்காமல். "நல்ல மஞ்சள் இல்ல. கைப்புள்ளைக்கு வயிறு சரியில்லாதப்பப் போகுமே, அந்த மஞ்சள்."

"மஞ்சளா?" என்றாள் தீபா.

"சாமி படம் ஒண்ணு எடுத்தாங்க. அதுல ரிஷிகளுக்குன்னு வாங்குன வாயில் துணி மிச்சம் கிடந்துச்சு. வீணாப் போவுதேன்னு எங்களுக்குக் கிழிச்சுக் குடுத்துட்டாங்க. ரவிக்கை செங்கல் பொடி கலரு. அதப் போட்டுக்கிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கேன்டீன் பக்கம் போனா, பரிமாறுற ஆளு கரண்டியக் கீழ வச்சிட்டுச் சிரிக்கிறான். ரிஷி பத்தினிங்க வர்றாங்கடான்னு. எனக்கு அழுகையே வந்திருச்சு. பதினெட்டு வயசு."

"ஸ்க்ரீன்ல ரொம்ப அழகா இருக்கும்மா."

"இருக்கும். நான் பாக்கல."

"அந்தப் படத்தையா?"

"படம் வர்றதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆயிருச்சே."

சீரியல் மறுபடி தொடங்கிவிட்டது. தீபா இறாலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். வண்டியில் வரும்போது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவரைப் பற்றி யாரோ தவறாகப் பேசிவிட்ட மாதிரி இருந்தது. காரையும் சைக்கிளையும் போட்டுக் குழப்புகிற கிழவிக்கு நிறம் மட்டும் எப்படி நினைவிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திருநள்ளாறு சாலையில் சஃபியுல்லா தையல் கடை வைத்திருந்தார். படத்தின் ரவிக்கைகளில் பாதி அவர் கடையில்தான் தைக்கக் கொடுத்திருந்தது. தீபா நேரே அங்கே போய், கடையில் இருந்த துணிகளில் மஞ்சளாக, அசிங்கமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

"அசிங்கமா இருக்கிற துணிய நான் ஏன் தங்கச்சி வாங்கி வைக்கப் போறேன்" என்றார் சஃபியுல்லா. ஆனாலும் தேடி, யாரோ திரைச்சீலைக்குக் கொடுத்துவிட்டு வாங்கிப் போகாத கடுகு மஞ்சள் துணி ஒன்றை எடுத்துப் போட்டார். தீபா அதையும் தன் லாவண்டர் புடவையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தாள். அந்தப் படத்தைச் சஃபியுல்லாவிடம் காட்டினாள்.

"இதுல எது எது?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு."

ஒன்றாகத்தான் இருந்தது. அந்தக் காலத்து ஃபிலிம் வேறு, செல்போன் வேறு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் எது வேண்டுமானாலும் இருந்திருக்கலாம் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. லாவண்டர் என்று சொல்ல அவளிடம் ஒரு சாட்சியும் இல்லை. மஞ்சள் என்று சொல்ல ஒரு சாட்சி இருக்கிறார். அதுவும் கார் என்று சொல்கிற சாட்சி.

"என்ன தங்கச்சி, ஒரு மாதிரி இருக்கீங்க. டீ சொல்லவா?"

"சொல்லுங்கண்ணே" என்றாள் தீபா. டீ வந்தது. அவள் குடிக்காமல் ஆறவிட்டாள்.

சாயங்காலம் மடிக்கணினியோடு நெரவிக்குப் போனபோது பவுனம்மாள் தலைவாரி, புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகனும் மருமகளும் பின்னால் வந்து நின்றார்கள். அம்மா ஆடிய பாட்டு என்று அவர்களும் கேள்விப்பட்டிருந்தார்களே தவிர, இன்ன பாட்டு என்று கேட்டதில்லை.

பாட்டு தொடங்கியது. கதாநாயகன் சைக்கிளில் வந்தான்.

"சைக்கிளா?" என்றார் பவுனம்மாள். "கார்னுல்ல நெனச்சேன். அது வேற பாட்டு போலிருக்கு."

தோழிகள் வந்தார்கள். பவுனம்மாள் முன்னால் குனிந்தார். அவர் தன்னைத் தேடவில்லை. "இந்தா இருக்கா கமலா. இவ பக்கத்துல நிக்கறவ பேரு மறந்துபோச்சு, திருச்சிக்காரி, எப்பப் பாரு பொட்டுக்கடலை தின்னுக்கிட்டே இருப்பா. கமலாவுக்குக் கால்ல ஆணி. அந்த வலியோட என்னமா குதிக்கிறா பாரு" என்றார். பாட்டு முடியப் போகிற நேரத்தில்தான், "இது நான்" என்று ஓரத்தில் இருந்த ஒருத்தியைக் காட்டினார். மருமகள், "அத்தை, அப்படியே நம்ம சின்னவ மாதிரி இருக்கீங்க" என்றாள். பவுனம்மாள் கண் திரையிலேயே இருந்தது.

"பூவைக் காணோமே" என்றார் திடீரென்று.

"எந்தப் பூம்மா?"

"ஆளுக்கு ஒரு கொத்து செவ்வந்தி இடுப்புல சொருகியிருந்தோம். இடது பக்கம். டான்ஸ் மாஸ்டர் கத்தினாரு, புடவையும் பூவும் ஒரே கலரா இருக்கு, எங்கடா பூன்னு. வேற பூ வாங்கிட்டு வர ஆள் போனான். அவன் வர்றதுக்குள்ள எடுத்து முடிச்சிட்டாங்க."

தீபா பாட்டைப் பின்னால் ஓட்டி, பவுனம்மாள் திரும்பி நிற்கிற இடத்தில் நிறுத்தினாள். இடுப்பின் இடது பக்கத்தில் ஒரு புடைப்பு. இத்தனை வருஷமாக அதைக் கொசுவத்தின் மடிப்பு என்றே நினைத்திருந்தாள். அந்த மடிப்பைக்கூடத் தன் புடவையில் அப்படியே வைக்கச் சொல்லியிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மங்கலாக, இதழ் இதழாக இருந்தது. அடுத்தவள் இடுப்பிலும் இருந்தது. அதற்கடுத்தவள் இடுப்பிலும்.

பூ இருந்தது என்பதால் புடவை மஞ்சள் என்று ஆகிவிடாது. அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் காரில் தப்பு விட்டவர் பூவில் தப்பு விடவில்லை. அங்கே நின்று, அந்தத் துணியை உடுத்தி, அழுகையை அடக்கிக்கொண்டு சாப்பிட்டவர் அவர்தான். தீபா நம்பிவிட்டாள்.

அன்றிரவே முகிலனுக்குப் போன் செய்து சொன்னாள். அவர் மறுநாள் காலையில் ஆலை செட்டில் பேசிக்கொள்ளலாம் என்றார். காலையில் அவர் முகம் சரியாக இல்லை.

"தீபாக்கா, போஸ்டர் வந்தாச்சு. எல்லாரும் அந்தக் கலரத்தான் பேசறாங்க. இப்பப் போயி மஞ்சள்னா எப்படி?"

"நாம எடுக்கிறது அந்தப் பாட்டு இல்ல முகிலன், அந்தப் பாட்டை எடுக்கிற இடம். அங்க நின்னவங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதோ அதைத்தானே காட்டணும்?"

"அழகா இருக்கிறதைக் காட்டினா என்ன தப்பு? லாவண்டர் நீங்க சொன்னதுதானே. நான் கேக்கலயே."

அவர் சொன்னதில் தப்பில்லை. "தப்பா சொல்லிட்டேன். ஒரே ஒரு புடவையை மாத்திக் காட்டறேன். பாத்துட்டுச் சொல்லுங்க. பிடிக்கலன்னா நான் மறுபடி இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்" என்றாள்.

புதுத் துணி வாங்கி வர நேரமில்லை. இருக்கிற லாவண்டரின் மேலேயே மஞ்சள் சாயத்தை ஏற்றிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஊதாவும் மஞ்சளும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு கலங்கிப்போகும். அவளுக்கு வேண்டியதும் அந்தக் கலங்கல்தான். வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டி, அம்மாவின் பெரிய அண்டாவில் சாயத்தைக் கொதிக்க வைத்து, புடவையைப் போட்டாள். அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். "நல்லாருந்த புடவைய ஏன்டி இப்படிப் பாழ் பண்ற?" என்றாள். அந்த அண்டாவில் இனி சோறு வடிக்க முடியாதே என்ற வருத்தமும் அதில் இருந்தது.

எடுத்துக் காயப் போட்டபோது அது பவுனம்மாள் சொன்ன மஞ்சளாகவே இருந்தது. சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் மோசம். சஃபியுல்லா செங்கல் நிற ரூபியாத் துணியில் ஒரு பஃப் கை ரவிக்கை தைத்துக் கொடுத்தார். "இன்ஷா அல்லாஹ், இதை யாரும் என் கடையில தச்சதுன்னு சொல்லாம இருந்தா சரி" என்றார்.

பாரதிப்ரியா அதைக் கட்டிக்கொண்டு செட்டுக்குள் வந்ததும் விளக்குப் பிடிக்கிறவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். பாரதிப்ரியா முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். முகிலனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அப்போது ஒளிப்பதிவாளர் எதற்கோ மானிட்டரைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினார். முகிலன் அதைப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி எதிரில் நின்றவளைப் பார்த்தார். மறுபடி மானிட்டரைப் பார்த்தார்.

"இவங்க சிரிச்சாங்கல்ல, பிரியா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்கல்ல. அது அப்படியே எனக்கு வேணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எல்லாத்தையும் மாத்திடுங்கக்கா. ஆனா ஒரு லாவண்டரை மட்டும் சாயத்துல போடாதீங்க. பிரியாவை அதுலயும் தனியா எடுத்து வச்சுக்கறேன். எடிட்டிங்ல எது நிக்குதோ நிக்கட்டும்" என்றார்.

தீபாவும் உதவியாளர்களும் இரண்டு நாள் கொல்லையில் அண்டாவோடு கிடந்தார்கள். கையெல்லாம் மஞ்சள். சாயம் ஒவ்வொரு புடவைக்கும் ஒவ்வொரு மாதிரி ஏறியது. ஒன்று பச்சை அடித்தது, ஒன்று பழுப்பானது. அப்படியே விட்டுவிட்டாள்.

பாட்டு எடுக்கிற அன்று தீபாவின் அம்மா பவுனம்மாளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தாள். மின்விசிறி பக்கமாக நாற்காலி போட்டு இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். ஆடுகிற பெண்கள் மஞ்சள் புடவையில் வரிசையாக வந்து நின்றதும் பவுனம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று தீபா பயந்துபோய்ப் பக்கத்தில் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு கேவலமாவா இருந்தோம்" என்றார்.

"நீங்க சொன்னதுதாம்மா."

"நான் சொன்னேன். நீ ஏன் கேட்டே?"

பாரதிப்ரியா வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "அம்மா, அந்தக் கேன்டீன்காரன் சிரிச்சப்ப நீங்க என்ன பண்ணினீங்க?" என்று கேட்டாள்.

"என்ன பண்றது. இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துன்னு சொன்னேன். பசி."

அந்தச் சாம்பார் படத்தில் வந்தது. முகிலன் அன்றைக்கே ஒரு கேன்டீன் காட்சியை எழுதிச் சேர்த்துவிட்டார். பவுனம்மாள் மத்தியானத்துக்கு மேல் இருக்கவில்லை. முதுகு வலிக்கிறது, ஒரே கூச்சல் என்று கிளம்பிவிட்டார். தீபா வாசல் வரைக்கும் வந்து ஆட்டோ ஏற்றிவிட்டாள்.

வேலையெல்லாம் முடிந்து சென்னைக்குத் திரும்பிய பிறகு, ஒரு நாள் தீபா அந்தப் பழைய பாட்டை மறுபடி போட்டுப் பார்த்தாள். இனிமேல் அது மஞ்சளாகத்தான் தெரியும், கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போட்டாள். அப்படித் தெரியவில்லை. புடவை பழையபடி வெளுப்பாக, லேசாக, காற்றில் ஆடியது. மஞ்சள் என்று அறிவுக்குத் தெரிந்தது. கண் அதைக் கேட்கவில்லை. கூடுதலாகத் தெரிந்தது கமலாதான். அவள் வலது காலைக் கொஞ்சம் தாங்கித்தான் வைத்தாள். அதை இவ்வளவு நாள் தீபா ஓர் அழகான அசைவு என்று நினைத்திருந்தாள்.

படம் அடுத்த வருஷம் வந்தது. ஓடியது என்றும் சொல்ல முடியாது, ஓடவில்லை என்றும் சொல்ல முடியாது. செட்டில் எல்லோரும் மஞ்சளில் நின்று சிரிப்புக்கு ஆளாவதும், அதுவே திரையில் கறுப்பு வெள்ளையில் மாறி வருவதும் நன்றாக இருந்ததாகப் பலர் சொன்னார்கள். உடைகள் கண்ணை உறுத்துகின்றன என்று ஒருவர் எழுதினார். போஸ்டரில் பார்த்த லாவண்டர் புடவை படத்தில் எங்கே என்று இணையத்தில் நிறையப் பேர் கேட்டார்கள். எடிட்டிங்கில் அது நிற்கவில்லை. காரைக்காலில் படம் பார்த்த அம்மா, தியேட்டரில் குளிர் தாங்கவில்லை, பாதியில் எழுந்து வந்துவிட்டேன் என்று போனில் சொன்னாள். தன் அண்டா வருகிற இடம் வந்ததா என்றும் கேட்டாள். அண்டா படத்தில் வராது என்று தீபா விளக்க வேண்டியிருந்தது.

பவுனம்மாள் தியேட்டருக்குப் போகவில்லை. சில மாதம் கழித்துப் படம் டிவியில் வந்தபோதுதான் பார்த்தார். மறுநாள் காலையில் மகனின் போனிலிருந்து தீபாவைக் கூப்பிட்டார்.

"பாத்தேன். முக்காவாசி நல்லாருந்துச்சு. கடைசியில அந்தப் பொண்ணச் சாகடிச்சிருக்க வேண்டாம். நான்லாம் இருக்கேன்ல."

"சொல்றேம்மா டைரக்டர்கிட்ட."

"இன்னொண்ணு. உங்கம்மா சொன்னா, நீ பழைய படத்துல கலரு தெரியாம இன்னும் எதெதுக்கோ முழிச்சிக்கிட்டிருக்கியாமே. நான் ஆடுனது ஒரு ஏழெட்டுப் பாட்டு இருக்கும். வேணும்னா வந்து கேளு. ஆனா காலையில பதினோரு மணி சீரியலப்ப வராத."

தீபா அந்த மாதக் கடைசியிலேயே போனாள். மொத்தம் ஆறு பாட்டுகளைப் போட்டுக் காட்டினாள். மூன்றுக்குப் பவுனம்மாள் பளிச்சென்று நிறம் சொன்னார். ஒன்றில் தான் ஆடவே இல்லை என்றார், ஆனால் ஆடியிருந்தார். மீதி இரண்டுக்கும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, தெரியவில்லை, நீயே நல்லதாக ஒரு கலரைப் போட்டுக்கொள் என்றார்.